குன்றத்தில் தொடங்கும் மதுரை

மதுரைக்கு ஒரு நாள் பயணமாக வருகிறவர்களின் திட்டம் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கிறது. காலையில் மீனாட்சியம்மன் கோயில், அங்கிருந்து நடந்தே திருமலை நாயக்கர் மகால், விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா, வெயில் தாழ்ந்ததும் காந்தி மியூசியம். நேரம் மிச்சமிருந்தால் திருப்பரங்குன்றம். அங்கேயும் முருகனைக் கும்பிட்டு, விபூதி வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். மலையைச் சுற்றி வரவோ, மேற்குச் சரிவில் ஏறவோ, தென்புறத்துக் குடைவரையை எட்டிப் பார்க்கவோ யாருக்கும் பொழுது இருப்பதில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் குன்றத்திலிருந்து தொடங்கினால் மதுரை வேறு ஊராகத் தெரியும்.

குன்றத்துக்குப் போகும் முன் ஓர் ஒப்பீடு. ஒரு பெரிய நகரத்துக்கு அருங்காட்சியகங்கள் எப்படி வந்து சேர்கின்றன என்று பார்த்தால், பாதி கதை காலியான அரண்மனைகளின் கதைதான். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நல்ல உதாரணம். ‘வெண்ணிற இரவுகள்’ என்ற ரஷ்யக் கதை தமிழில் வந்த நாளிலிருந்து நம் வாசகர்களில் ஒரு தலைமுறைக்கு அந்த ஊரின் பாலங்களும் தெருக்களும் மனப்பாடம். அங்குள்ள ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் 1764-இல் மகாராணி இரண்டாம் கேத்தரின் வாங்கிய ஓவியங்களில் தொடங்கியது. 1852-இல்தான் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. பிறகு ஜார் மன்னர்களின் குளிர்கால அரண்மனையே அதன் முதன்மைக் கட்டடம் ஆயிற்று. இன்று அதன் சேகரிப்பில் 30 லட்சத்துக்கும் அதிகமான பொருட்கள் இருக்கின்றன.

அந்த ஊரின் இன்னொரு வழக்கம்தான் மதுரைக்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். சோவியத் ஆட்சி அங்கே தேவாலயங்களையே அருங்காட்சியகங்களாக மாற்றியது. செயின்ட் ஐசக் பேராலயம் 1931-இல் மியூசியம் ஆனது. கசான் பேராலயத்தில் 1932-இல் மதம், நாத்திகம் ஆகியவற்றின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சோவியத் ஆட்சி முடிந்ததும் கசானில் மீண்டும் மணி ஒலித்தது. ஐசக்கைத் திருச்சபையிடம் ஒப்படைக்கப் போவதாக 2017-இல் அறிவிப்பு வந்தபோது, அது மியூசியமாகவே நீடிக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வீதியில் இறங்கினார்கள். வழிபாடா, காட்சியா என்ற கேள்விக்கு அங்கே ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டியிருக்கிறது. மதுரையில் அந்தக் கேள்வி எழுவதே அபூர்வம். இங்கே 8-ஆம் நூற்றாண்டுச் சிற்பத்துக்கு இன்று காலையிலும் பூச்சாத்தி, எண்ணெய் விளக்கேற்றியிருப்பார்கள்.

திருப்பரங்குன்றத்து முருகன் கோயிலின் கருவறைப் பகுதி மலையைக் குடைந்து எடுத்தது. நடுவில் துர்க்கை, ஒருபுறம் முருகன், மறுபுறம் விநாயகர். ஒருவரையொருவர் பார்த்தபடி சிவனும் பெருமாளும். அறுபடை வீடுகளில் முதலாவது என்று வருகிறவர்களில் பலர், ஐந்து சந்நிதிகளும் ஒரே பாறையின் பகுதிகள் என்பதைக் கவனிப்பதில்லை. மூலவர் பாறையிலேயே செதுக்கப்பட்டவர் என்பதால் அபிஷேகம் அவருக்கு நடப்பதில்லை; அவர் கையிலுள்ள வேலுக்குத்தான் நடக்கிறது. சிற்பம் தேய்ந்துவிடக் கூடாது என்ற பாதுகாப்பு யோசனை சடங்காகவே நிலைத்துவிட்டது. அருங்காட்சியகத்தில் ‘தொடாதீர்கள்’ என்று பலகை மாட்டி, காவலர் ஒருவரையும் நிறுத்திச் செய்கிற வேலையை இங்கே பூசை முறையே செய்துவிடுகிறது.

இந்தக் குடைவரைக்குக் காலக் கணக்கும் இருக்கிறது. கலியாண்டு 3874 என்று, அதாவது கி.பி. 773 என்று, இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அதிகாரியான சாத்தன் கணபதி, கோயிலையும் குளத்தையும் திருத்திய செய்தி அதில் இருக்கிறது. அவர் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததும் இருக்கிறது. சேட்டை என்பது மூத்த தேவி. இன்று வீட்டுக்குள் பெயரைச் சொல்லவே தயங்கும் தெய்வத்துக்கு, 1,250 ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் அதிகாரியின் மனைவி முருகனும் சிவனும் இருக்கிற பாறையிலேயே இடம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு சமூகத்தின் மனம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மதுரை வட்டாரத்தில் கிடைப்பது கடினம். அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நகர்கிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கோயிலை விட்டு வெளியே வந்து கிரிவலப் பாதையில் தெற்குப் பக்கம் போனால் தென்பரங்குன்றம். அங்கே உமையாண்டார் கோயில் என்ற இன்னொரு குடைவரை இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. கூட்டம் அறவே கிடையாது. வெளிப்பாறையில் நடராசர் ஆடுகிறார். உள்ளே கருவறைச் சுவரில் அர்த்தநாரீசுவரர், பின்னால் காளை. கொஞ்சம் பொறுமையாக நின்று, தலைக்கு மேலே பார்க்க வேண்டும். அங்கே ஒரு மரத்தின் கிளைகள் தெரிகின்றன. அர்த்தநாரீசுவரருக்கும் அந்த மரத்துக்கும் சம்பந்தம் இல்லை. சமணத் தீர்த்தங்கரர் ஒருவரின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய அசோக மரம் அது. முதலில் சமணக் குடைவரையாக இருந்ததை 13-ஆம் நூற்றாண்டில் சைவக் கோயிலாக மாற்றியிருக்கிறார்கள். தீர்த்தங்கரரைச் செதுக்கி உமையொருபாகன் ஆக்கிய சிற்பி மரத்தை மட்டும் விட்டுவிட்டார். அதை எடுப்பதென்றால் சுவரையே இன்னும் ஆழமாக வெட்ட வேண்டியிருந்திருக்கும். அல்லது அது யாருக்கும் உறுத்தவில்லையோ என்னவோ. மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்துக் கல்வெட்டு இந்தக் கோயிலைச் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்கிறது.

சமய வரலாற்றைப் பற்றிப் பத்துப் புத்தகம் படித்தவரும் இந்தச் சுவருக்கு முன்னால் ஒரு முறை நிற்க வேண்டும். மதமாற்றம் என்பது இங்கே வாதமாகவோ வசையாகவோ எழுதப்படவில்லை. உளியின் தடமாக, எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் நின்றது என்று கையால் காட்டிவிடலாம்.

மேற்குச் சரிவில் இருப்பது இன்னும் பழையது. ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். பாண்டவர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இயற்கையான குகைத்தளத்தில் துறவிகளுக்காக வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகள் அவை. தலைவைக்கும் பக்கம் கொஞ்சம் மேடாக, தலையணை போலவே விட்டிருப்பார்கள். அங்குள்ள தமிழ் பிராமி எழுத்துகளில் ஒன்று, எருகாடூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் போலாலையன் என்பவரின் பெயரைச் சொல்கிறது. ஐராவதம் மகாதேவன் இதை ஈழத்திலிருந்து வந்த இல்லறத்தாரின் கொடை என்று படித்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் கடந்து வந்து ஓர் ஊரில் நிலைத்தவர், துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்துத் தன் பெயரையும் ஊரையும் பாறையில் பதித்துவிட்டுப் போயிருக்கிறார். உச்சிக்குப் போகும் வழியில் காசி விசுவநாதர் கோயில் சுனையருகே சமணத் திருமேனிகள். உச்சியில் சிக்கந்தர் தர்கா.

இந்த மலை அண்மைக் காலமாகச் செய்தித்தாளில் இடம்பிடிப்பது வேறு காரணத்துக்காக. மலை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1931-இல் தீர்ப்பானது. அதன் பிறகும் வழக்குகள் ஓயவில்லை. வழக்கின் தரப்புகளைப் பற்றிப் பேசத் தெரிந்த அளவுக்கு, போலாலையனைப் பற்றியோ நக்கன் கொற்றியைப் பற்றியோ பேசத் தெரிந்தவர்கள் ஊரில் குறைவு. மலையின் கதை நீதிமன்றக் கட்டுகளுக்குள் அடங்கிவிடுவதில் பெரிய நஷ்டம் பார்வையாளருக்குத்தான்.

குன்றத்தில் ஒரு காலைப் பொழுதைக் கழித்துவிட்டு, பெரியார் பஸ் நிலையம் போகும் பஸ்ஸைப் பிடித்தால் எட்டு கிலோமீட்டரில் மதுரை. இனி நகரத்துக்குள் பார்ப்பதெல்லாம் வேறு கண்ணுக்குத் தெரியும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் இருக்கும் ஆயிரங்கால் மண்டபமே ஓர் அருங்காட்சியகம். நாயக்கர் அரசின் தளவாய் அரியநாத முதலியார் 1569-இல் கட்டியது, தூண்கள் 985. சாமி கும்பிட வந்தவர்களில் சிலர் சீட்டு வாங்கி உள்ளே வருகிறார்கள், பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்குள்ளேயே தனிச் சீட்டு எதற்கு என்ற எரிச்சலும் அதில் உண்டு. ஆனால் பூசை இல்லாத, கூட்டம் நெட்டித் தள்ளாத ஓர் இடத்தில் நின்று நாயக்கர் காலத் தூண் சிற்பத்தை நிதானமாகப் பார்க்க இதைவிட வசதியான இடம் கோயிலுக்குள் இல்லை. குன்றத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்த உருவங்கள் எட்டு நூற்றாண்டுகள் கழிந்து தூணை விட்டு எப்படி வெளியே எகிறி நிற்கின்றன என்பதை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கடைகள் எரிந்தன, கல்தூண்கள் வெடித்தன. கோயிலுக்குள் இருந்த கடைகள் அதன்பின் அகற்றப்பட்டன. எதிரே உள்ள புதுமண்டபத்திலும் அதே கதைதான். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்று கட்டிய மண்டபம் அது. தூண்களில் நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்க, அவர்கள் காலடியில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். சாமிக்குச் சாத்தும் துணி, பாத்திரம், வளையல், பழைய புத்தகம் எல்லாம் அங்கே கிடைத்தன. அண்மை ஆண்டுகளில் கடைக்காரர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறினார்கள். மண்டபம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, சிற்பங்களுக்கும் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை. என்றாலும் வழிபாட்டையும் சிற்பத்தையும் பிரிக்காத ஊர், சந்தையை மட்டும் சிற்பத்திலிருந்து பிரித்து எடுத்துவிட்டது. தீ விபத்துக்குப் பிறகு வேறு வழி இருந்திருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

மகாலுக்கு நீண்ட அறிமுகம் வேண்டாம். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டியது. அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, அரண்மனையிலிருந்து கழற்றியெடுக்க முடிந்ததையெல்லாம் கொண்டுபோனார். இன்று நிற்பது பழைய அரண்மனையில் கால் பங்குதான் என்பது பொதுவான மதிப்பீடு. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு செப்பனிடாவிட்டால் அதுவும் மிஞ்சியிருக்காது. பின்னர் நீண்ட காலம் நீதிமன்றமாக இருந்து, இப்போது மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. ‘பம்பாய்’ படத்தின் ‘கண்ணாளனே’ பாட்டில் வந்த இடம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். மாலையில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கும். பார்க்கிறவர்களின் கழுத்தெல்லாம் மேல்நோக்கி, வளைவுகளையும் கூரையையும் பார்த்தபடியே இருக்கும். கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினால் தூணில் ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பைக் கீறி எழுதிய காதலர் பெயர்கள். போலாலையன் பெயர் பொறித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்கலாம். அவர் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பெயர் பொறித்தார்.

மகாலின் நாடகசாலையில் உள்ள கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் பார்க்க வருவோர் முதன்மைக் கூடத்துக் கூட்டத்தில் சிறு பங்குகூட இருக்க மாட்டார்கள். கட்டடம் பெரிதாக இருந்தால் உள்ளே வைத்திருக்கும் பொருள் தோற்றுவிடும். ஹெர்மிடாஜிலும் இதே நிலைதான். குளிர்கால அரண்மனையின் படிக்கட்டைப் படம் எடுப்பவர்களின் கூட்டம், ஓவியங்களுக்கு முன்னால் நிற்பதில்லை என்று அங்கே போய் வந்தவர்கள் சொல்வார்கள்.

வைகைக்கு வடகரையில் தமுக்கம். ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 17-ஆம் நூற்றாண்டுக் கோடை அரண்மனை அது. ஆங்கிலேயர் காலத்தில் அதிகாரிகளின் இருப்பிடமானது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு அதைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். உள்ளே போகக் கட்டணம் இல்லை. படங்களையும் பலகைகளையும் கடந்து கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டி: சுடப்பட்ட அன்று காந்தி அணிந்திருந்த, இரத்தக் கறை படிந்த துணி. சளசளவென்று பேசிக்கொண்டே வரும் பள்ளிப் பிள்ளைகள்கூட அங்கே வந்ததும் வரிசையைக் கலைத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி நெருங்கிவிடுவார்கள். அவர் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறியதும் இதே ஊரில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில். அந்த வீட்டில் இப்போது கதர்க்கடை இருக்கிறது. மியூசியத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் மேலமாசி வீதிக்கும் போய்ப் பார்க்கிறார்கள் என்பது அந்தக் கதர்க்கடைக்காரருக்குத்தான் வெளிச்சம்.

அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் உண்டு. 1981-இல் மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்த சமயத்தில் தொடங்கப்பட்டது. சென்னை எழும்பூர் மியூசியத்தைப் பழைய மெட்ராஸ்வாசிகள் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். உயிரியல் பூங்கா ‘உயிர் காலேஜ்’. மதுரை அரசு அருங்காட்சியகத்துக்கு அப்படி ஒரு கேலிப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. கேலி செய்யும் அளவுக்குக்கூட ஊர்க்காரர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த அலட்சிய வரிசையை உடைத்தது கீழடி. மதுரையிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டம். தென்னந்தோப்புக்குள் 2015-இல் மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் தொடங்கிய அகழாய்வை, பின்னர் மாநிலத் தொல்லியல் துறை எடுத்து நடத்தியது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமத் துண்டின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்காவின் பீட்டா ஆய்வகம் கணித்ததையும், தமிழ் பிராமி எழுத்துள்ள 56 பானை ஓடுகள் கிடைத்ததையும் 2019-இல் துறை வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதன் பிறகு வார இறுதிகளில் குழிகளைப் பார்க்கவே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, உறைகிணற்றைக் காட்டி விளக்கும் இளம் தொல்லியலாளரிடம் கேள்வி கேட்ட அந்தக் கூட்டத்தைத் தமிழக அருங்காட்சியக வரலாறு அதுவரை கண்டதில்லை. பழைய பொருள் என்றால் நம் மக்களுக்கு அக்கறை கிடையாது என்று அதிகாரிகளும் அறிஞர்களும் பல காலம் சொல்லிவந்த சாக்கு அங்கே அடிபட்டுப் போனது. சொல்ல ஆள் இருந்தால் கேட்க ஆள் வருகிறது.

2023 மார்ச் 5 அன்று திறந்த கீழடி அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடுகளின் பாணியில், முற்றமும் தூணுமாக, 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டப்பட்டது. மதுரை வட்டாரத்தில் இவ்வளவு பெரிய அளவில், அரண்மனையாகவோ மண்டபமாகவோ இருந்து மாறாமல், காட்சிக்கென்றே எழுந்த கட்டடம் இது. சுடுமண் பொம்மை, தந்தப் பகடை, சூதுபவள மணி, தக்களி, தங்கத் துண்டு. இவற்றுக்கு நடுவே கறுப்பு-சிவப்புப் பானை ஓட்டில் ‘ஆதன்’ என்ற பெயர். குன்றத்தின் மேற்குச் சரிவுக்குப் போய் வந்தவருக்கு இந்த இடத்தில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. பாறையில் துறவிக்காக வெட்டிய அதே எழுத்து இங்கே பானையில், உரியவரின் அடையாளமாகக் கீறப்பட்டிருக்கிறது. முதலில் கீழடிக்குப் போனவர் ஓட்டைப் பார்த்து ‘பழமை’ என்பார். முதலில் குன்றத்துக்குப் போனவர் அந்த எழுத்தை அடையாளம் கண்டுகொள்வார்.

நம் பொருட்களை இப்படிக் கோத்துப் பார்க்கிற வேலையை வெளிநாட்டார் செய்ததும் உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மகா பீட்டர் 1714-இல் தொடங்கிய குன்ஸ்ட்கமேரா அருங்காட்சியகத்துக்காக, அலெக்சாண்டர் மெர்வார்ட், லுத்மிலா மெர்வார்ட் தம்பதியர் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றிப் பொருட்கள் சேகரித்தனர். அலெக்சாண்டர் மெர்வார்ட் தமிழ் கற்றார். அப்போது லெனின்கிராடு எனப்பட்ட அதே ஊரில் தமிழ் சொல்லிக் கொடுத்தார். 1929-இல் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் ஓர் இலக்கணமும் எழுதினார். அடுத்த ஆண்டே ஸ்டாலின் அரசு கல்வியாளர்கள் மீது போட்ட வழக்கில் கைதாகி, 1932-இல் சிறைமுகாமில் இறந்தார். பொருளைக் காட்சிக்கு வைத்தால் போதாது, அதைப் பயன்படுத்தியவர்களின் பேச்சும் தெரிய வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர்.

மதுரையில் அந்த வேலையைச் சம்பளம் வாங்காத சிலர் செய்துவருகிறார்கள். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-இல் தொடங்கிய ‘பசுமை நடை’ ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மக்களைக் குன்றுகளுக்குக் கூட்டிப்போகிறது. யானைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டி, திருப்பரங்குன்றம் என்று போகுமிடத்தில் தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் பாறையடியில் நின்று கல்வெட்டை வாசித்துக் காட்டுவார்கள். வங்கி ஊழியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரிப் பிள்ளைகள், பேரனைக் கைப்பிடித்து வந்த தாத்தா எல்லோரும் பாறையில் உட்கார்ந்து கேட்பார்கள். கிரானைட்டுக்காக மதுரைக் குன்றுகள் ஒவ்வொன்றாக அறுபட்டுக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கிய நடை அது. அரிட்டாபட்டியைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு 2022-இல் அறிவித்தது. அதை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலத்தை, சுற்றுவட்டார மக்களின் எதிர்ப்புக்குப் பிறகு மத்திய அரசு 2025 ஜனவரியில் ரத்து செய்தது. மலையில் என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது அந்தப் போராட்டத்துக்குக் கைகொடுத்தது.

இவ்வளவும் இருந்தும் ஒரு சாதாரணப் பயணி இவற்றைக் கோத்துப் பார்ப்பது சிரமம். காரணம் நிர்வாகம். முருகன் கோயிலும் ஆயிரங்கால் மண்டபமும் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ். உமையாண்டார் குடைவரையும் கற்படுக்கைகளும் மத்தியத் தொல்லியல் துறையிடம். மகாலும் கீழடியும் மாநிலத் தொல்லியல் துறையிடம். தமுக்கம் வளாகத்தில் அரசு அருங்காட்சியகம் அருங்காட்சியகங்கள் துறையிடம், காந்தி மியூசியம் தனி அமைப்பிடம். திறக்கும் நேரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி, வார விடுமுறையும் அப்படியே. கேட்டுக்கொள்ளாமல் கிளம்பினால் ஒரு பூட்டையாவது பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. எல்லா இடங்களுக்கும் செல்லுபடியாகும் ஒரே சீட்டு, தமிழில் நல்ல ஒரு கையேடு, கிரிவலப் பாதையில் உமையாண்டார் கோயிலுக்கும் மேற்குச் சரிவுக்கும் வழிகாட்டும் பலகை, வார இறுதியிலாவது குன்றத்தடியில் நின்று விளக்கிச் சொல்லத் தொல்லியல் படித்த இரண்டு இளைஞர்கள். நான்கு துறைகளின் அதிகாரிகளும் மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு முறை கூடிப் பேசினால் முடிகிற காரியம் இது. அடுத்த சித்திரைத் திருவிழாக் கூட்டம் வருவதற்குள் செய்தால் நல்லது.